அணிற்பிள்ளைக் கணக்கு

தமிழ் மக்கள் யாரை வேண்டுமானாலும் பிள்ளை என்று சொல்லிவிட மாட்டார்கள். தாங்கள் செல்லமாக எண்ணும் சிலவற்றுக்குத்தான் அந்தப் பட்டத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்கிறோம். மரத்திலே தென்னைக்குத் தென்னம்பிள்ளை என்று பெயர். இந்தப் பிள்ளைகளில் ஒன்றைக் காப்பாற்றுவதாக எண்ணிக் கொண்டு, இன்னொன்றை 22 நாள் சுட்டுத் தள்ளிய ஒரு பையனின் கதையை இங்கே சொல்லப் போகிறேன். அந்தப் பையன் யார் என்று நேயர்கள் வெகுவாக யோசிக்க வேண்டியதில்லை. நான்தான்.

பல வருஷங்களாக வெளியில் சொல்லாமல் வைத்திருந்த இந்த விஷயத்தை இப்போது சொல்ல நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் பரமத்தி வேலூருக்குப் போயிருந்தேன். என் மாமா இருக்கும் ஊர் அது. அவருடைய பேரனுக்கு வயது 12. வண்டியை விட்டு இறங்கி நான் கால் கழுவுவதற்குள், "மாமா! எனக்கு ஒரு ஏர் கன் வாங்கித் தரச் சொல்லுங்க. தாத்தா மாட்டேங்கிறார். தோப்பிலே அணில் தொல்லை தாங்கலை" என்று விண்ணப்பம் போட்டான். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமா என்னைப் பார்த்து, "என்னைக் கேட்காதே, கண்ணு. அந்த விஷயத்தில் உன் மாமாதான் நிபுணர். அவரையே கேள்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார். சமையலறையிலிருந்து என் மனைவி சிரிக்கும் சப்தம் கேட்டது.

பையன் வெறுங்கையோடு வாதாட வரவில்லை. கைபேசியில் படம் பார்த்துத் தயாராக இருந்தான். அமெரிக்காவில் பெரியவர்களும் சிறுவர்களும் துப்பாக்கியோடு காட்டுக்குப் போய் அணில் வேட்டை ஆடுகிறார்கள். "அங்கே ஆடலாம், நம்ம ஊரிலே மட்டும் கூடாதா?" என்பது அவன் கட்சி.

அவன் சொன்னது பொய்யல்ல. அந்தத் தேசத்தில் அணில் வேட்டை மிகப் பழைய வழக்கம். அதற்கென்றே சிறு வாய்த் துப்பாக்கிகள் ஏற்பட்டிருக்கின்றன. 1887-ஆம் வருஷம் வெளிவந்த ஒரு சிறு தோட்டா, '22 லாங் ரைபிள்' என்பது, இன்றுவரையில் அங்கே அணில் வேட்டைக்காரர்களின் தோட்டாவாக இருந்து வருகிறது. குறுக்களவு சுமார் 5.6 மில்லிமீட்டர்தான். டானியல் பூன் என்ற பேர்பெற்ற கென்டக்கி வேட்டைக்காரர் அணிலின் மேல் குண்டு படாமலே அதை வீழ்த்துவாராம். அணில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே மரப்பட்டையில் சுடுவார். பட்டை சிதறும் அதிர்ச்சியிலேயே அணில் செத்து விழும். பறவைகளைச் சித்திரம் தீட்டிப் புகழ் பெற்ற ஆடுபன் இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் பையனுடைய படத்தில் வராத சில சமாசாரங்களையும் நான் சொன்னேன். அங்கே வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை என்று பருவம் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கை உண்டு. அந்த ஊர்ச் சாம்பல் அணில் அரைக் கிலோ எடை இருக்கும். சுட்டவர்கள் அதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நம்முடைய மூவரி அணில் 100 கிராம் எடை தேறினால் அதிகம். அந்தச் சிறு தோட்டாவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. குறி தப்பினால் அது ஒன்றரை மைல் தூரம்கூடப் போகக்கூடும். ஆகவே, பின்னால் தடித்த அடிமரம் இல்லாமல் வானத்தைப் பார்த்துச் சுடக் கூடாது என்று முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். நம் வேலூர்த் தோப்பை அடுத்து வீடு, வீட்டை அடுத்து வாய்க்கால், வாய்க்காலை அடுத்து ரஸ்தா.

"இன்னொரு சமாசாரமும் கேள். 1807-ஆம் வருஷத்தில் ஒஹாயோ மாகாணத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். விளைச்சலை அணில்கள் தின்று தீர்க்கின்றன என்று, வரி கட்டுகிறவர் ஒவ்வொருவரும் இத்தனை அணில் தலைத்தோல் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொல்லும் வேலை அது. அந்த மாதிரிக் கணக்கு ஒன்று உங்கள் தோப்பிலேயும் நடந்திருக்கிறது" என்றேன்.

பையன் கண்ணை அகல விரித்தான். நான் 1978-ஆம் வருஷத்துக்குத் திரும்பினேன்.

*

அப்போது வேலூர் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. நாமக்கல் தனி ஜில்லா ஆனது 1997-ல். கோடை விடுமுறை விட்டதும் என்னை அப்புச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் ராஜா வாய்க்காலின் தண்ணீரில் அந்தப் பக்கமெல்லாம் பச்சென்று இருக்கும். அகத்தி மரத்தைத் தழுவிக் கொண்டு கொடிக்கால் கொடிகள் ஏறி நிற்கும். வாழை, கரும்பு, மஞ்சள் இவற்றுக்கு நடுவே தென்னந்தோப்புகள். அப்புச்சியின் தோப்பில் 120 மரங்கள் இருந்தன.

அந்த வருஷம் தோப்பில் ஒரு கஷ்டம் ஏற்பட்டது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால், பாதி முற்றாத குரும்பைகள் மரத்தடியில் விழுந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் காம்புப் பக்கத்தில் ஒரு துளை. உள்ளே வழுக்கையும் இல்லை, தண்ணீரும் இல்லை. மூன்று மாதம் பொறுத்திருந்தால் தேங்காயாகி விலை போக வேண்டியவை அவை. மாமாவுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. பகலெல்லாம் மட்டைக்கு மட்டை தாவிக் கொண்டிருந்த அணில்களைப் பார்த்து, "எல்லாம் இந்தப் படையின் வேலைதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சாட்சி விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமே சேலத்துக்குப் போய் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கி வந்தார்.

அது ஒரு சாதாரண யந்திரம். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை இழுத்தால் ஸ்பிரிங் விடுபட்டு உள்தண்டை முன்னே தள்ளும். நெருக்குண்ட காற்று, மிளகைவிடச் சற்றே பெரிய ஈய ரவையை வெளியே துரத்தும். புகை கிடையாது, வெடிச் சப்தம் கிடையாது. 'டப்' என்று ஒரு சப்தம், அவ்வளவுதான். அதனாலேயே அது விளையாட்டுச் சாமான் மாதிரி தோன்றியது.

அப்புச்சி கதர் கட்டியவர். எறும்புப் புற்றை மிதிக்காமல் நடக்கிறவர். அவர் இதற்குச் சம்மதிக்க மாட்டார் என்று நாங்கள் பயந்தோம். ஆனால் துப்பாக்கி என்ற பேச்சு வந்ததும் அவருக்கு வேறொரு ஞாபகம் வந்துவிட்டது. "1878-ஆம் வருஷம் லிட்டன் பிரபு இரண்டு சட்டம் போட்டான். ஒன்று நம்ம பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டுவதற்கு. இன்னொன்று நம்ம கையைக் கட்டுவதற்கு. வெள்ளைக்காரன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக் கொள்வான். குடியானவன் காட்டுப் பன்றிக்குக்கூட வேலி ஓரத்தில் நின்று கையைத் தட்ட வேண்டியதுதான். 1931-ல் கராச்சிக் காங்கிரஸில் ஜனங்களின் உரிமைகளைப் பட்டியல் போட்டபோது, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக் கொள்ளும் உரிமையையும் சேர்த்துத்தான் போட்டார்கள். சுதந்திர தேசத்துப் பையன் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக் கொண்டால் தப்பில்லை" என்றார்.

அப்புச்சி சொன்னதெல்லாம் சரித்திரம். அந்தப் பத்திரிகைச் சட்டம் சில வருஷங்களில் ஒழிந்தது. ஆயுதச் சட்டமோ சுதந்திரம் வந்த பிறகும் இருந்து, 1959-ஆம் வருஷச் சட்டம் வந்துதான் மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் ஆயுத உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொண்டு வந்ததையும், சபை அதை ஏற்காததையும் நான் பிற்காலத்தில் படித்துத் தெரிந்து கொண்டேன். எது எப்படியானாலும், லிட்டன் பிரபுவின் சட்டத்துக்குச் சரியாக 100 வருஷம் கழித்து, அதற்கான பரிகாரம் எங்கள் தோப்பு அணில்களின் தலையில் வந்து விடிந்தது.

மாமாவுக்குத் தோப்பில் காவல் நிற்க நேரமில்லை. ஆகவே துப்பாக்கியை என் கையில் கொடுத்து, வாலுக்குப் பத்துப் பைசா என்று கூலி நிர்ணயித்தார். அப்புச்சி அதோடு ஒரு நிபந்தனை சேர்த்தார். விடுமுறையில் கணக்கை மறந்துவிடக் கூடாது என்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். அதில் இரண்டு பத்தி. ஒரு பத்தியில் காலையில் பொறுக்கிய துளைக் குரும்பைகளின் எண்ணிக்கை. மறு பத்தியில் அன்றைக்கு விழுந்த அணில்களின் எண்ணிக்கை.

முதல் இரண்டு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. அணில் மகா தந்திரசாலி. நாம் இந்தப் பக்கம் நின்றால் அது மரத்துக்கு அந்தப் பக்கம் போய் ஒட்டிக் கொள்ளும். நாம் சுற்றினால் அதுவும் சுற்றும். மூன்றாவது நாள் எனக்கு ஒரு யுக்தி தோன்றியது. மாமாவின் மகளை, அவளுக்கு அப்போது 8 வயது, மரத்தைச் சுற்றி நடக்கச் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் போனால், அவளுக்குப் பயந்து அணில் என் பக்கம் வரும். பத்துப் பைசாவில் எனக்கு எட்டு, அவளுக்கு இரண்டு என்று உடன்படிக்கை. அதற்குப் பிறகு வால்கள் சேரத் தொடங்கின.

முதலாவது அணில் விழுந்தபோது நெஞ்சு படபடத்தது. அதை மறைப்பதற்காகச் சிரித்தேன். ஐந்தாவதுக்குப் பிறகு படபடப்பு நின்றுவிட்டது. ஒரு காரியத்தைச் செய்யக் கை பழகிவிட்டால் மனசும் அதற்குப் பின்னாலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. வாலை வெட்டி ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொண்டு, உடலை எருக்குழியில் எறிந்துவிடுவேன்.

வீட்டில் எதிர்ப்புத் தெரிவித்தவர் அம்மாயி ஒருவர்தான். "ராமர் தடவிக் கொடுத்த முதுகு சாமி அது. மூன்று விரல் பட்ட இடம் அப்படியே இருக்கிறது. அதிலே குண்டைப் பாய்ச்சுகிறாயே" என்பார். அது வெறும் பாட்டி கதை என்று அப்போது நான் நினைத்தேன். சேது கட்டிய காலத்தில் அணில்கள் தண்ணீரில் முழுகி மணலில் புரண்டு வந்து கடலைத் தூர்க்க முயன்றதை, தொண்டரடிப்பொடியாழ்வார் தம்முடைய திருமாலையில் பாடியிருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. தன்னால் முடிந்த தொண்டைச் செய்வதற்கு அணிலை உதாரணம் காட்டும் வழக்கம் நம் நாட்டில் அவ்வளவு பழையது. ஆனாலும், 12 வயதில் பத்துப் பைசாவுக்கு முன்னால் ஆழ்வார் என்ன செய்ய முடியும்?

*

இருபத்திரண்டாவது நாள் காலை ஒரு நரிக்குறவர் தோப்பு வழியாக வந்தார். தலைப்பாகை, தோளில் நீண்ட குழல் வைத்த நாட்டுத் துப்பாக்கி, இடுப்பில் மருந்துப் பை. பின்னால் கூடையோடு அவர் மனைவி. நான் அப்போதுதான் பதினெட்டாவது அணிலை வீழ்த்தியிருந்தேன். மாமா அவரைக் கூப்பிட்டு, "இந்தத் தோப்பிலே எத்தனை அணில் இருந்தாலும் சுட்டு எடுத்துக்கொண்டு போ. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என் குரும்பையெல்லாம் போகிறது" என்றார்.

அந்த மனிதருக்கு அது விருந்து மாதிரி. அணில் அவர்களுக்கு ஆகாரம். 'சரி சாமி' என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியைக் கெட்டித்திருந்தால் சாயங்காலத்துக்குள் கூடை நிறைந்திருக்கும். ஆனால் அவர் குனிந்து, நான் காலையில் பொறுக்கிக் குவித்திருந்த குரும்பைகளில் ஒன்றைக் கையில் எடுத்தார். துளையின் ஓரத்தை விரலால் தடவினார். முகர்ந்து பார்த்தார். வேறு இரண்டையும் எடுத்துப் பார்த்தார்.

"இது எப்போ விழுந்தது, சாமி?" என்று என்னைக் கேட்டார்.

"ராத்திரி விழுந்திருக்கும். விடியும்போது கிடந்தது" என்றேன்.

"அணில் ராத்திரி தூங்கும் சாமி. வெயில் வந்தாத்தான் எழுந்திருக்கும். இது எலிப் பல்லு. மரத்து மேலேயே கூடு கட்டி இருக்கும். நான் அணில் சுடுவேன், தின்பேன். ஆனா அணிலைச் சுட்டா உங்க காய் நிக்காது" என்றார்.

மாமா பதில் சொல்லவில்லை. நரிக்குறவர் என் காலடியில் கிடந்த அணிலை எடுத்துப் புரட்டினார். அதன் வயிற்று மயிரை விலக்கிப் பார்த்தார். "பால் குடுக்கிறது. குட்டி இருக்கு" என்று சொல்லி, மேலே ஒரு மட்டையைச் சுட்டிக் காட்டினார். பிறகு, "மற்றதெல்லாம் எங்கே?" என்று கேட்டார். எருக்குழியைக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தின்பதற்கும் இல்லாமல், விற்பதற்கும் இல்லாமல், எறிவதற்காக ஒருவன் ஏன் சுடுவான் என்று அவருக்கு விளங்கவில்லை. அதுதான் அதில் இருந்தது. பால் கொடுக்கும் அந்த அணிலையும் அவர் எடுத்துக் கொள்ளவில்லை. என் கையிலேயே கொடுத்துவிட்டு, மனைவியைக் கூட்டிக் கொண்டு வாய்க்கால் ஓரமாக நடந்து போய்விட்டார்.

மரமேறுகிறவரை அழைத்து அந்த மட்டையடியில் பார்க்கச் சொன்னார் அப்புச்சி. நாரும் பஞ்சும் வைத்துக் கட்டிய கூட்டில் இரண்டு குட்டிகள் இருந்தன. கண் திறக்கவில்லை. முதுகில் மூன்று கோடுகள் மாத்திரம் தெளிவாக இருந்தன. பக்கத்து மரத்தின் கொண்டையைத் துப்புரவு செய்தபோது, மரமேறுகிறவர் கையில் பட்டது எலிக்கூடு. அதிலிருந்து மூன்று எலிகள் மட்டை வழியாக அடுத்த மரத்துக்குத் தாவி ஓடியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அம்மாயி பசும்பாலில் பஞ்சுத் திரியை நனைத்துக் குட்டிகளின் வாயில் வைத்தார். மாமாவின் மகள் அவற்றை மடியை விட்டு இறக்கவில்லை. மறுநாள் ஒன்று செத்தது. அதற்கு அடுத்த நாள் மற்றதும் செத்தது. அவள் என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

அன்று இரவு அப்புச்சி அரிக்கேன் விளக்கின் அருகில் என் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். வாரம் வாரமாகக் கூட்டச் சொன்னார். முதல் வாரம் அணில் 9, குரும்பை 64. இரண்டாவது வாரம் அணில் 5, குரும்பை 67. மூன்றாவது வாரம் அணில் 3, குரும்பை 63. தோப்பில் அணில் குறைந்து கொண்டே வந்தது. விழுகிற குரும்பை குறையவே இல்லை. தினம் என் கையாலேயே எழுதிய கணக்கு. இரண்டு பத்தியையும் சேர்த்து வைத்து ஒருநாளாவது நான் பார்த்ததில்லை. வாலை எண்ணிக் கூலி வாங்குவதிலேயே புத்தி இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒரு குரும்பையைத் தடவிப் பார்த்துச் சொன்ன விஷயம், படித்தவர்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் மூன்று வாரமாக எழுதிக் கிடந்தது.

அப்புச்சி என்னைத் திட்டவில்லை. "விசாரிக்காமல் தண்டிக்கிறான் என்றுதானடா வெள்ளைக்காரனோடு சண்டை போட்டோம்" என்றார். அது என்னைப் பார்த்துச் சொன்னதா, மாமாவைப் பார்த்துச் சொன்னதா, தம்மையே சொல்லிக் கொண்டதா என்று இன்றுவரையில் எனக்குத் தெரியாது.

*

பிறகு நடந்தது சொற்பந்தான். மாமா விவசாய இலாகா அதிகாரி ஒருவரிடம் யோசனை கேட்டார். தென்னை மரத்தில் சுமார் ஆறரை அடி உயரத்தில், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் வழவழப்பான தகரத்தைச் சுற்றி அடித்துவிட்டால், எலியின் நகம் அதில் பற்றாது, சறுக்கி விழும். ஆனால் முதலில் மரத்தின் கொண்டையைச் சுத்தம் செய்து, மேலே குடியிருக்கும் எலிகளை விரட்டிவிட வேண்டும். ஒரு மரத்து மட்டை இன்னொரு மரத்து மட்டையைத் தொடுமானால் தகரம் அடித்தும் பயனில்லை; எலி மேல்வழியாகவே வந்துவிடும். எங்கள் தோப்பில் நெருக்கமாக நின்ற மரங்கள் சில இருந்தபடியால் நஷ்டம் அறவே நிற்கவில்லை. என்றாலும் வாரத்துக்கு 60-க்கு மேல் விழுந்தது 20 அளவில் வந்து நின்றது. இரவில் எலி பிடிக்க வரும் கூகையை அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டும் வழக்கத்தையும் மாமா அந்த வருஷத்தோடு விட்டுவிட்டார்.

அணில் ஒரு பாவமும் அறியாதது என்று நான் வாதாட வரவில்லை. கொய்யா, மாதுளைத் தோட்டக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். தென்னைக்கு இடையே கோகோ பயிரிடுகிறவர்களுக்கு எலியோடு அணிலும் சத்துருதான்; பழுத்த காய்களை மரத்தில் விட்டு வைக்காமல் உடனுக்குடன் பறிப்பது அதற்கு ஒரு வழி. இங்கிலாந்தில் 1876-ல் அமெரிக்கச் சாம்பல் அணிலைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அந்த நாட்டுச் செவ்வணிலுக்கு எமனாகி, இப்போது சாம்பல் அணிலைச் சுட்டும் பொறிவைத்தும் குறைக்கப் பாடுபடுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது; ஆராய்ச்சி இருக்கிறது. எங்கள் தோப்பில் இருந்தது ஒரு சந்தேகமும் ஒரு துப்பாக்கியுந்தான்.

நம் நாட்டிலோ இப்போது நிலைமை வேறு. 1972-ஆம் வருஷ வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் அதற்குச் செய்த திருத்தமும் வேட்டை விளையாட்டுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. சுடுவது மாத்திரமல்ல, பிடிப்பதும், கண்ணி வைப்பதும், விஷம் வைப்பதும், அவற்றுக்கு முயற்சி செய்வதுங்கூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். சாம்பல் நிற மலையணில் என்ற பெரிய ஜாதி ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடுகளிலும், நம் காவிரி கர்நாடகத்திலிருந்து இறங்கிவரும் ஓசூர், தர்மபுரிக் காடுகளிலும் இருக்கிறது. அதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-ல் சரணாலயம் அமைத்தார்கள். காற்றுத் துப்பாக்கிக்கும் 2016-ஆம் வருஷ விதிகளில் வரம்பு உண்டு. குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலும், ரவையின் வேகசக்தி 20 ஜூலுக்கு மேல் போனாலும் லைசென்ஸ் வேண்டும். அதற்கு உட்பட்டதற்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் குறிப்பலகையைச் சுடலாமேயன்றி உயிரைச் சுடலாகாது. அருணாசலப் பிரதேசத்தில் 2021 முதல் ஜனங்கள் தாங்களாகவே காற்றுத் துப்பாக்கிகளைச் சர்க்காரிடம் ஒப்படைக்கும் இயக்கம் ஒன்று நடந்தது. ஈராயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் அப்படி வந்து சேர்ந்தன. வேட்டை பரம்பரை வழக்கமாயிருந்த ஊர்களில் இது நடந்தது என்பதை நினைத்தால் அதன் பெருமை விளங்கும்.

சட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் அந்த நரிக்குறவரை நினைத்துக் கொள்வேன். வேட்டையை நம்பி வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். சட்டம் வந்து வேட்டை போயிற்று. பாசிமணியும் ஊசியும் விற்று ஜீவனம் செய்கிறார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப் பார்லிமெண்டு சட்டம் செய்தது 2022 டிசம்பரில்தான். தொழில் போவதற்குச் சட்டம் சீக்கிரம் வந்தது. துணை நிற்பதற்குச் சட்டம் 50 வருஷம் கழித்து வந்தது. கூடை நிறையக் கிடைக்க வேண்டிய ஆகாரத்தை உண்மை சொல்லி இழந்து போன மனிதருக்கு, அன்று எங்கள் வீட்டில் ஒரு படி அரிசி கொடுக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அப்புச்சி மறுநாள் ஆள் அனுப்பித் தேடினார். அவர்கள் கூடாரத்தைக் கலைத்துக் கொண்டு பாலத்தைத் தாண்டிக் கரூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

*

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது பையன் பேசவில்லை. அவனுடைய அத்தை, அதாவது என் மனைவி, உள்ளே போய்ப் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். மரத்தைச் சுற்றி நடந்த அந்த 8 வயதுப் பெண் அவள்தான் என்பதை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள். "உங்க மாமா எழுதினது. கடைசிப் பக்கத்தைப் பார். 17 வாலுக்கு எனக்கு வர வேண்டியது 34 பைசா. இன்னும் பாக்கி" என்றாள்.

"பதினெட்டாவதுக்கு?" என்று கேட்டான் பையன்.

"அதுக்குக் கூலி வேண்டாம்னுட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

பையன் பக்கங்களை மெதுவாகப் புரட்டினான். விரலை வைத்து ஒரு பத்தியைப் படித்தான்; பிறகு மறு பத்தியைப் படித்தான். நான் மூன்று வாரத்தில் செய்யாததை அவன் மூன்று நிமிஷத்தில் செய்துவிட்டான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்து, "அப்படின்னா, எலிக்கு எத்தனை பைசா தாத்தா?" என்று கேட்டான்.

மாமா வெற்றிலையை வாயில் அடக்கிக் கொண்டு, கொல்லைப்புறத்தில் சாய்த்து வைத்திருந்த புதுத் தகரத்தைக் கைத்தடியால் காட்டினார்.

"அடிக்கிற மரத்துக்குப் பத்து ரூபாய். சுத்தியல் உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொண்டு வா" என்றார்.